பக்கத்துக் கட்டிலில் ஒரு சுன்னத்து

2013 ஜூன் மாதம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்திருந்தது. என் மகனுக்கு அப்போது நாலு வயது. ஒண்ணுக்கு இருக்கும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, பிறகு சிறுநீர் மெல்ல வடியும். வலிக்கிறது என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை, பயந்தது நாங்கள்தான். பாவூர்சத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறி ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "தோல் இறுக்கமா இருக்கு, எடுத்துருவோம். சின்ன ஆபரேஷன்தான்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை இருந்தது. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. பாட்டி, அத்தை, மாமா என்று ஒரு கூட்டமே கூட இருந்தது. அந்தப் பாட்டி என் அம்மாவிடம் ரொம்ப இயல்பாக, "உங்களுக்கும் சுன்னத்தாம்மா?" என்று கேட்டுவிட்டார். என் அம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்கவே முடியாது. "இல்ல, இல்ல. இது வேற" என்றார்.

வேற ஒன்றும் இல்லை. அதே டாக்டர், அதே தியேட்டர், அதே தோல். மயக்க மருந்து கொடுத்த விதம் மட்டும்தான் வேறு. மதியம் அந்தக் குடும்பம் வார்டு முழுக்க அல்வா கொடுத்தது. நாங்களோ ஊருக்குத் திரும்பும்போது யாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மாவே முடிவு பண்ணினார்: குடலிறக்க ஆபரேஷன். தெருவில் எல்லோருக்கும் அந்தத் தகவல்தான் போனது.

பத்து வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் என்னிடம் கேட்டான்: "அப்பா, எனக்கு அந்த ஆபரேஷன் நெஜமாவே தேவைப்பட்டுச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத விஷயத்தைத் தோண்டுவதுதான் எனக்குப் பொழுதுபோக்கு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தோண்டியதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள். எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். முழுவதையும் படித்துவிட்டு இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.

முதலில் அவன் கேள்விக்கான பதில். 1949-இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் முன்தோல் பின்னால் நகரும் என்று அவர் கண்டார். மற்ற எல்லோருக்கும் அது மொட்டோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அது நோய் அல்ல, வளர வளரத் தானே பிரியும். 1968-இல் டென்மார்க்கில் யாகோப் ஓய்ஸ்டர் பள்ளிப் பையன்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து, இந்தப் பிரிதல் கெய்ர்ட்னர் நினைத்ததைவிட மெதுவாக, பருவ வயது வரைக்கும்கூட நடக்கிறது என்று காட்டினார். பதினேழு வயதில் இறுக்கம் மிச்சமிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். உப்பிக்கொள்வதும் பெரும்பாலும் இந்தப் பிரிதலின் ஒரு கட்டம்தான். அப்படியே இறுக்கம் நீடித்தாலும், ஸ்டீராய்டு களிம்பை சில வாரம் தடவினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. தோலில் தழும்பு விழுந்து வெள்ளையாகத் தடித்துப்போனால்தான் கத்தி கட்டாயமாகிறது.

அதாவது, என் மகனுக்கு அநேகமாகத் தேவைப்படவில்லை. இதை அவனிடம் சொன்னேன். "சரி" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பக்கத்துக் கட்டில் குடும்பத்துக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர்கள் நோய்க்காக வரவில்லை. ஏன் வந்தார்கள் என்று புரிந்துகொள்ள நாலாயிரம் வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் அங்க்மாஹோர் என்பவரின் கல்லறைச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஆறாம் வம்ச காலம், கிறிஸ்துவுக்கு 2300 வருஷத்துக்கும் முந்தியது. நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களுக்கு, குனிந்து உட்கார்ந்த ஒருவர் முன்தோலை அறுக்கிறார். ஒருவனின் கைகளைப் பின்னாலிருந்து இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். கவனியுங்கள், அங்கே இருப்பது கைக்குழந்தை அல்ல, நிற்கத் தெரிந்த பையன். உலகத்தில் பல பழங்குடிகளிடமும் இந்தச் சடங்கு பருவம் எய்தும் நேரத்துச் சடங்காகத்தான் இருந்திருக்கிறது. சிறுவன் ஆணாகிறான், வலியைத் தாங்கிக் காட்டுகிறான், கூட்டத்தில் சேர்கிறான்.

அதைக் கைக்குழந்தைக்குக் கொண்டுபோனது யூத மரபு. ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கு 99 வயது, இஸ்மவேலுக்கு 13. இருவரும் ஒரே நாளில் செய்துகொள்கிறார்கள். ஈசாக்குக்கு எட்டாம் நாள். கடவுளுக்கும் ஒரு வம்சத்துக்கும் இடையிலான உடன்படிக்கையின் அடையாளம் அது. செய்யாதவன் தன் ஜனத்திலிருந்து அறுக்கப்பட்டுப் போவான் என்கிறது அந்த அதிகாரம். எட்டாம் நாள் ஓய்வுநாளில் விழுந்தாலும் தள்ளிப்போடுவதில்லை, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடலாம். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் என்ற கிரேக்க அரசன் இதைத் தடைசெய்தபோது, மீறிச் செய்த தாய்மார்களை, குழந்தைகளின் உடலை அவர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக் கொன்றார்கள் என்று மக்கபேயர் நூல் சொல்கிறது. அப்படி உயிர் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றை "சும்மா ஒரு தோல்தானே" என்று நாம் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்!

அந்த மரபுக்குள்ளேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு இடம் உண்டு. தல்மூதில் யெவாமோத் என்ற பகுதியில், ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து இந்த அறுப்பினால் இறந்துபோனால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யக்கூடாது என்கிறார்கள். இல்லை, மூன்று பேர் இறந்தால்தான் நிறுத்தலாம் என்று இன்னொரு ரப்பி வாதிடுகிறார். ரத்தம் உறையாத நோய், அதாவது ஹீமோபிலியா, குடும்பத்தில் ஓடுவதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. கடவுளின் கட்டளையைவிடக் குழந்தையின் உயிர் முக்கியம் என்று அந்தக் காலத்திலேயே சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை பிணத்துக்கு அப்புறம் நிறுத்துவது என்றும் வாதாடியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பக்கத்தில்.

கிறிஸ்தவம் வேறு பாதை எடுத்தது. இயேசுவுக்கும் எட்டாம் நாள் நடந்ததாக லூக்கா எழுதுகிறார். ஆனால் யூதரல்லாதவர்கள் சேரும்போது அவர்களுக்கும் இது வேண்டுமா என்று எருசலேமில் சபை கூடிப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15-இல் இது இருக்கிறது. எத்தியோப்பியாவிலும் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் பழக்கம் இன்றுவரை நீடிக்கிறது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அது பைபிளில் வரும் ஒரு சொல் மட்டும்: விருத்தசேதனம். வட்டமாக வெட்டுதல் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த என் பள்ளித் தோழன் ஒருவனுக்கு பத்தாம் வகுப்பு வரை அதன் அர்த்தம் தெரியாது. வாத்தியாரிடம் கேட்டதற்கு, "பெரியவனானா தெரியும்" என்றாராம்.

முஸ்லிம்களிடம் வந்தால், நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் முதலிலேயே தட்டுப்பட்டது. குர்ஆனில் இதைப் பற்றி நேரடியாக ஒரு வசனமும் இல்லை. இப்ராஹீமின் மார்க்கத்தைப் பின்பற்றச் சொல்லும் வசனம் இருக்கிறது, அதிலிருந்து அறிஞர்கள் வருவிக்கிறார்கள். நேரடியான ஆதாரம் ஹதீஸ்களில். மனிதனின் இயல்பான தூய்மையைச் சேர்ந்தவை ஐந்து என்று ஒரு பட்டியல் வருகிறது: கத்னா, மறைவிட முடியை மழித்தல், மீசையைக் கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் முடியை நீக்குதல். இப்ராஹீம் நபி 80 வயதில் தனக்குத் தானே செய்துகொண்டதாகவும் ஒரு ஹதீஸ் உண்டு. பட்டியலில் மற்ற நாலும் திரும்ப வளர்பவை. ஒன்று மட்டும் வளராது.

ஷாஃபி மத்ஹபில் இது கட்டாயம். ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் வலியுறுத்தப்பட்ட சுன்னத். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், ராவுத்தர்கள் ஹனஃபி. ஆனால் நடைமுறையில் யாரும் விடுவதில்லை. சுன்னத் என்றால் அரபியில் நபியின் வழிமுறை, அதில் ஆயிரம் விஷயம் அடங்கும். தமிழில் மட்டும் அந்தச் சொல் இந்த ஒரு காரியத்துக்குள் சுருங்கிவிட்டது. இதிலிருந்தே தெரியவில்லையா, மக்கள் மனதில் அதன் இடம் எது என்று? 'மார்க்கக் கல்யாணம்' என்றும் சொல்வார்கள். வயது விஷயத்தில் மட்டும் சட்டம் நெகிழ்வாக இருக்கிறது. ஷாஃபி நூல்கள் ஏழாம் நாள் செய்வது நல்லது என்கின்றன, ஆனால் கட்டாயமாவது பருவம் எய்திய பிறகுதான். இந்த இடைவெளியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன் கடையநல்லூர்க்காரன். போன வருஷம் அவன் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான் இதைப் பற்றித் துருவிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து அவனே போன் செய்தான். "மாப்ள, எங்களுக்கெல்லாம் எப்படி நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினான்.

அவனுக்கு ஏழு வயதில் நடந்தது. காலையில் தலைக்குத் தண்ணி ஊற்றி, புது வேட்டி சட்டை, கழுத்தில் மாலை, தலையில் தொப்பி. மாப்பிள்ளை மாதிரி தெருவைச் சுற்றிக் கூட்டிவந்தார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. எதற்கு இந்த ஊர்வலம் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் மாமா மடியில் உட்காரவைத்து இரண்டு காலையும் அகட்டிப் பிடித்துக்கொண்டார். "மேல பாரு, குருவி பாரு" என்றார்கள். பார்த்தான். குருவி இல்லை. அதற்குள் ஒசா வேலையை முடித்திருந்தார். இவன் கத்தியது வெளியே கேட்காத அளவுக்குச் சுற்றி நின்றவர்கள் சத்தமாக ஓதினார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு, வேட்டி புண்ணில் படாமல் இருக்க உத்திரத்திலிருந்து கயிறு கட்டி வேட்டியின் நடுவைத் தூக்கிவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் காசு கொடுத்தார்கள், முட்டை கொடுத்தார்கள்.

"வலியக்கூட மறந்துட்டேன்டா. அந்தக் குருவிய மட்டும் மறக்க முடியல" என்றான்.

ஒசா என்பவர் முஸ்லிம்களின் நாவிதர். கேரளத்திலும் ஒஸ்ஸான் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்த குடும்பங்கள். ஒரு பையனை மார்க்கத்துக்குள் கொண்டுவரும் கை அவர்களுடையது. ஆனால் கல்யாண சம்பந்தம் என்று வந்தால் அவர்களோடு மற்றவர்கள் கலப்பதில்லை என்ற நிலை பல ஊர்களில் இருந்திருக்கிறது. சாதி இல்லாத மார்க்கத்தில் நுழையும் வாசலிலேயே சாதி. இதைத் தோப்பில் முஹம்மது மீரான் போன்றவர்களின் கதையுலகத்தில் படிக்கலாம். இப்போது ஒசாக்கள் இந்தத் தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். எல்லாம் மருத்துவமனைக்குப் போய்விட்டது. கூடவே வயதும் இறங்கிவிட்டது. ஏழு வயதில் ஊர்வலம் போன சடங்கு, ஏழு வாரத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டி முடிந்துவிடுகிறது. வளையம் ஒரு வார அளவில் தானே விழுந்துவிடும்.

ஊர்வலம், மாமா, புது வேட்டி என்றெல்லாம் அவன் சொல்லச் சொல்ல எனக்கு இன்னொரு ஊர் ஞாபகம் வந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் கள்ளர் பற்றிய பகுதியில் ஒரு குறிப்பு இருக்கிறது. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களிடம் சுன்னத்து செய்யும் வழக்கம் இருந்தது. பையனைத் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோப்புக்குப் போவார். வழியெல்லாம் சங்கு ஊதுவார்கள். கூடியவர்களுக்கு வெற்றிலை. நாவிதர் அறுப்பார். பையனுக்குப் புதுத் துணி. இவர்கள் முஸ்லிம்கள் அல்ல. கருப்பனையும் மாயாண்டியையும் கும்பிடுகிறவர்கள். எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள், ஒன்றுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. இப்போது வழக்கம் பெரும்பாலும் நின்றுபோய்விட்டது.

என் அம்மாவின் "இது வேற" என்ற பதிலை இந்தக் குறிப்பு ஆட்டிவிட்டது. ஆபிரகாமும் இல்லை, ஹதீஸும் இல்லை, சுத்தமான தமிழ்க் கிராமத்துச் சாமிகளின் முன்னால், தாய்மாமன் தோளில் வைத்து, அதே அறுப்பு. தாய்மாமன் மடி என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது எது? காது குத்து. என் மகள் குலதெய்வம் கோயிலில் என் மச்சான் மடியில் உட்கார்ந்து கதறிய போட்டோ வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பதினோரு மாதக் குழந்தை. யாரும் அவளிடம் கேட்கவில்லை. மொட்டை போட்டோம், அதையும் கேட்கவில்லை. "குழந்தையின் சம்மதம் இல்லாமல் உடம்பில் கை வைக்கலாமா" என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கேட்பதற்கு முன்னால் நான் அந்தப் போட்டோவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் பதில் தொழில் சார்ந்ததாகத்தான் வருகிறது, மன்னிக்கவும். எங்கள் வேலையில் எந்தக் கட்டளையை ஓட்டுவதற்கு முன்னும் ஒரு கேள்வி கேட்போம்: ரோல்பேக் இருக்கிறதா? மொட்டைக்கு உண்டு, மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். காதுக்கு அரைகுறையாக உண்டு, போடாமல் விட்டால் தூர்ந்துபோகும், தழும்பு நிற்கும். தோலை எடுத்துவிட்டால் கிடையாது. திரும்பப் பெற முடியாத கட்டளையை அடுத்தவரின் கணக்கில் ஓட்டும்போது நாம் கூடுதலாக நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

சரி, ஏன் கைக்குழந்தைக்கு? இதற்கு மிக வெளிப்படையான பதிலை எழுதியவர் மைமோனிடஸ். 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர், மருத்துவரும்கூட. தன் 'குழம்பியோருக்கு வழிகாட்டி' நூலில் மூன்று காரணம் சொல்கிறார். ஒன்று, வளரும்வரை விட்டால் அவன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டு, குழந்தைக்குப் பெரியவனுக்கு வலிக்கிற அளவு வலிக்காது. மூன்று, பிறந்த சில நாளில் பெற்றோருக்குப் பிள்ளைமேல் பாசம் இன்னும் முற்றியிருக்காது, வளர வளர மனசு வராது. படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்று இந்த வழக்கத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதும் இதே மூன்று விஷயம்தான். சடங்கின் நோக்கமே ஆசையைக் குறைப்பது என்றும் அவர் ஒளிக்காமல் எழுதினார். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க டாக்டர்கள் சிலர் கைப்பழக்கத்தைத் தடுக்க இதையே மருந்தாகச் சொன்னார்கள். அங்கே அது மதத்தை விட்டு இறங்கி மருத்துவமனை வழக்கமாக மாறியதில் அதற்கும் பங்கு உண்டு.

இரண்டாவது காரணம் தவறு என்று இப்போது தெரியும். 1980-கள் வரை பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1987-இல் ஆனந்த், ஹிக்கி என்ற இருவர் எழுதிய கட்டுரைதான் அந்த நம்பிக்கையை உடைத்தது. 1997-இல் கனடாவில் அன்னா டாடியோ குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிறந்ததும் சுன்னத்து செய்யப்பட்ட குழந்தைகள், நாலு ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்ற குழந்தைகளைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவிச் செய்யப்பட்ட குழந்தைகளிடம் அது குறைவாக இருந்தது. குழந்தைக்கு நினைவில்லை என்றாலும், உடம்பு ஏதோ ஒன்றை வைத்துக்கொள்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிக்கல்கள் கைக்குழந்தைகளிடம்தான் குறைவு. 2010-இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மருத்துவர்கள் செய்யும்போது ஏதாவது ஒரு சிக்கல் வருவது கைக்குழந்தைகளிடம் ஒன்றரை சதவீத அளவிலும் வளர்ந்த சிறுவர்களிடம் ஆறு சதவீத அளவிலும் இருந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் சிறுநீர்த் தொற்றும் குறைகிறது. எய்ட்ஸ் விஷயம் இன்னும் பெரியது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று இடங்களில் நடந்த சோதனைகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றுவது பாதிக்கு மேல் குறைந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று அதிகமுள்ள நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. என்னோடு வாதம் பண்ணும் நண்பர்கள் இதை எடுத்து வீசுவார்கள். வீசட்டும், உண்மைதான். ஆனால் அந்தச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் தாங்களே சம்மதித்த வயதுவந்த ஆண்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து வர இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் நன்மை ஆபத்தைவிட அதிகம் என்றது, ஆனால் எல்லோருக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை, பெற்றோர் முடிவு என்றது. டச்சு மருத்துவர் சங்கம் 2010-இல், மருத்துவக் காரணம் இல்லாமல் செய்வதைத் தவிர்க்கச் சொன்னது. அதே ஆராய்ச்சிகளைப் படித்த டாக்டர்கள்தான் இரண்டு பக்கமும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜெர்மனியில் கொலோன் நகரத்து நீதிமன்றம் 2012 மே மாதம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாலு வயது முஸ்லிம் பையன். டாக்டர் முறையாகத்தான் செய்திருந்தார், இரண்டு நாள் கழித்து ரத்தக் கசிவு. டாக்டரை விடுவித்த நீதிமன்றம், மதக் காரணத்துக்காகச் செய்யும் இந்த அறுப்பு உடல் காயம்தான் என்றது. யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கொதித்தார்கள். ஜெர்மனியில், யூதர்களாக வாழ முடியாது என்று மறுபடியும் சொல்கிறீர்களா என்ற கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கும்? அதே டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, மருத்துவ முறைப்படி செய்தால் பெற்றோர் சம்மதிக்கலாம் என்று அனுமதித்தது. முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் பயிற்சி பெற்ற மத ஊழியரும் செய்யலாம்.

இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் காப்பாளர் சம்மதத்தோடு, அதன் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்யும் காரியத்தைப் பொதுவாகக் குற்றமாக்கவில்லை. நன்மை என்றால் என்ன என்பதில்தான் எல்லாமே. சொர்க்கம் நன்மையா? ஊரோடு சேர்ந்திருப்பது நன்மையா? 2023-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டுப் பார்த்தார்கள், நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. 1947 கலவரத்தில் வேட்டியை அவிழ்த்துப் பார்த்து ஆளைக் கொன்ற நாடு இது. அந்த அடையாளத்தை வைத்துச் சிரிப்பவர்களும் கெட்ட பெயர் வைத்துக் கூப்பிடுபவர்களும் இன்றும் நம் டீக்கடைகளில் இருக்கிறார்கள். அந்த வாய்கள் குழந்தை உரிமை பேச ஆரம்பித்தால் முஸ்லிம்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. தடை போட்டால் நடப்பது தெரிந்ததுதான்: டாக்டர் கையிலிருந்து பிடுங்கி மறுபடியும் பிளேடு கைக்குக் கொடுத்துவிடுவோம்.

பெண் குழந்தைகள் விஷயம் வேறு. இலங்கையில் முஸ்லிம்களிடையே ஒஸ்தா மாமி என்பவர் பிறந்த பெண் குழந்தைகளுக்குச் செய்வது பற்றி, 2017-இல் பாதிக்கப்பட்ட பெண்களே நாடாளுமன்றக் குழுவிடம் பேசினார்கள். 2018-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு மருத்துவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. மருத்துவ நன்மை ஒன்றுகூட இல்லை, கேடு மட்டும்தான். ஆண் குழந்தைக்குச் செய்வதும் அதுவும் ஒன்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் "அவள் கேட்கப்படவில்லை" என்ற வாதம் அங்கே செல்லும் என்றால், இங்கே மட்டும் முழுசாகச் செல்லாமல் போகாது என்பதையும் மறைக்க முடியவில்லை.

நண்பனிடம் நான் சொன்னது இதுதான். யூதர்களுக்கு எட்டாம் நாள் என்பது கட்டளையின் உள்ளே இருக்கிறது, அதைத் தள்ளிவைக்கச் சொல்வது சடங்கையே விடச் சொல்வது மாதிரி. உங்களுக்கு அப்படி இல்லை. உங்கள் நூல்களே பருவ வயது வரை இடம் விட்டிருக்கின்றன. பதிமூன்று வயதுப் பையனிடம், "இது நம்ம மார்க்கம், உனக்குச் சம்மதமா?" என்று கேட்க முடியும். இஸ்மவேலுக்கும் அதே வயதுதானே?

அவன் சிரித்தான். "மாப்ள, பதிமூணு வயசுல எந்தப் பயலாவது சரின்னு சொல்லுவானா? அதுவுமில்லாம எனக்கு ஏழு வயசுல குருவி காட்டினாங்க. இவனுக்கு அந்தக் குருவி வேண்டாம்னுதான் தங்கச்சி இப்பவே முடிக்கச் சொல்றா."

மைமோனிடஸின் முதல் காரணத்தை அவர் பெயரே தெரியாமல் சொல்லிவிட்டான். ஆனால் குருவிக்கு என்னிடம் பதில் இல்லை. ஏமாற்றப்பட்டது நினைவிருக்கும் பையன், ஒன்றுமே நினைவில்லாத குழந்தை, இந்த இரண்டில் யாருக்கு அதிக அநியாயம் என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கேட்டுச் செய்வது இரண்டையும்விட நல்லது என்பது மட்டும் என் எண்ணம். அது எந்த வீட்டிலும் நடக்கிற மாதிரி தெரியவில்லை, என் வீட்டில் நடக்கவில்லை.

கடைசியில் அவனிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டேன். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத பிரச்சினை உண்டா என்று முதலில் விசாரிக்கணும். கட்டாயம் மரத்துப்போக மருந்து கொடுக்கணும், "சின்னக் குழந்தைதானே, தேவையில்லை" என்று யாராவது சொன்னால் எழுந்து வேறு டாக்டரைப் பார்க்கணும். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இருந்தால் தள்ளிப்போடணும். மூன்றையும் செய்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்களாம், குழந்தை அழுதது அந்த ஊசிக்கு மட்டும்தான் என்றான். நான் பார்க்கவில்லை, அவன் சொன்னதுதான்.

விருந்துக்குக் கூப்பிட்டான். போனேன், அம்மாவும் வந்தார். நெய்ச்சோறும் தால்ச்சாவும். குழந்தையின் பாட்டி, என் மகனைப் பார்த்துவிட்டு, "பேரன் நல்லா வளந்துட்டானே, சின்னதுல என்னமோ ஆபரேஷன் பண்ணீங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

"குடலிறக்கம்" என்றார் அம்மா. மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.